இங்கிலீஷில் சொல்லத் தெரியாத காதுவலி

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் யாழினி ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறாள் என்று பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள். எனக்கே ஆங்கிலம் அரைகுறை. அவளும் என்னைப்போல் ஆகிவிடக் கூடாதே என்று, எங்கள் மாடம்பாக்கம் வீட்டில் இனி தமிழே கூடாது எனச் சட்டம் போட்டேன். அவள் தமிழில் எது கேட்டாலும் காதில் விழாததுபோல் இருந்துவிடுவேன்.

ஒருநாள் பள்ளி வேனிலிருந்து இறங்கியதும், "அம்மா, காது..." என்று ஆரம்பித்தாள்.

"இங்கிலீஷ்ல சொல்லு."

கொஞ்சம் யோசித்தாள். "நத்திங் மம்மி" என்று உள்ளே போய்விட்டாள். உச்சரிப்பு எவ்வளவு அழகாக வருகிறது என்று நான் பூரித்துப்போனேன்!

மறுநாள் காலை அவள் தலையணை உறையில் சீழ். உடம்பு அனலாய்க் கொதித்தது. குரோம்பேட்டை டாக்டர், "செவிப்பறை கிழிஞ்சிருக்கு. ரொம்ப வலிச்சிருக்குமே, குழந்தை சொல்லலையா?" என்று என்னைக் கேட்டார்.

யாழினிதான் பதில் சொன்னாள். "உள்ள குடையுதுன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல அங்கிள்."

என்னால் டாக்டரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

காது ஆறிவிட்டது. இப்போது வேன் வந்ததும் அன்றைய கதை முழுவதையும் தமிழில்தான் கேட்கிறேன். பிறகு அவளுடைய ஆங்கிலக் கதைப் புத்தகத்தை இருவரும் சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறோம். என் தப்புகளை அவள்தான் திருத்துகிறாள்.

ஆனாலும் எங்காவது வலித்தால், இன்றும் என் முகத்தைப் பார்த்து, "தமிழ்ல சொல்லலாமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் சொல்கிறாள்.