நெட்டையின் கைக்கு அளவெடுத்த பட்டன்கள்

என் அக்கா வீட்டுக்காரரைத் தொழிலில் இருப்பவர்கள் 'டேப்' என்று கூப்பிடுவார்கள். எனக்கு மாமா. பேன்ட் பையில் ஒரு பக்கம் இரும்பு டேப், மறுபக்கம் துணி டேப். இரும்பு டேப் மெஷினுக்கு, துணி டேப் மனிதருக்கு. ஓடுகிற மெஷினுக்குள் தொழிலாளியின் கை போய்விடாமல் தடுக்கும் மூடி, கம்பி வலை, கதவு, பட்டன் இவற்றையெல்லாம் கம்பெனிகளுக்குச் செய்து கொடுப்பது அவர் பிழைப்பு. சின்ன ஷெட், இரண்டு வெல்டர்கள். நான் வேன் ஓட்டுகிறவன். அவருக்கு வண்டி ஓட்ட வராது என்பதால் வெளிவேலைக்கெல்லாம் நான்தான் கூட்டிப் போவேன்.

மனுஷனுக்கு அளவுப் பைத்தியம். எங்கள் வீட்டில் ஒருநாள் அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்து, "அத்தைக்குக் கால் தரையில படலையே" என்றார். மறுநாளே ரம்பத்தோடு வந்து நாலு காலையும் அறுத்துவிட்டார். அம்மாவுக்கு அது சிம்மாசனம். மற்றவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும்.

பெரிய கம்பெனிகள் செய்து பெட்டியில் அடைத்து விற்கும் ரெடிமேட் சாமான் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. அந்தப் பேச்சை எடுத்தாலே மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஊருக்கெல்லாம் ஒரே சட்டை தைச்சா எப்படி இருக்கும்?" என்று ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும்வரை நிறுத்த மாட்டார். அவர் சொன்னதில் பாதி நியாயம். மீதிப் பாதி தலைக்கனம் என்பது எனக்கு அப்போதே தெரியும், ஆனால் மாமாவிடம் யார் வாயைக் கொடுப்பது?

டப்பாக்களுக்குத் தகர மூடி அடிக்கும் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஒன்றுக்குப் பாதுகாப்பு வைக்க வேண்டியிருந்தது. தகட்டைக் கையால் உள்ளே வைத்துப் பட்டனை அமுக்கினால் மேலிருந்து அச்சு இறங்கி மூடியை வெட்டும். கை உள்ளே இருக்கும்போது அச்சு இறங்கக் கூடாது. அதற்கு இரண்டு பட்டன், இரு பக்கமும் தள்ளித் தள்ளி. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மெஷின் ஓடும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது உள்ளே விட மூன்றாவது கை யாருக்கு இருக்கிறது?

மேனேஜர் ரெடிமேட் பெட்டி ஒன்றை வரவழைத்து மேஜைமேல் வைத்திருந்தார். அதில் பட்டன்கள் ஒரு கம்பத்தில் இருந்தன. திருகைத் தளர்த்தினால் மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்தலாம். "இதுல இன்னொண்ணும் இருக்கு. யாராவது ஒரு பட்டனை அமுக்கினபடியே கட்டி வெச்சா, மெஷின் ஓடாதாம்" என்றார் மேனேஜர்.

மாமா சிரித்தார். "அளவு சரியா இருந்தா எவன் சார் பட்டனைக் கட்டி வைக்கப் போறான்? நகர்ற சாமான் ஆடும், ஆடுற சாமான் ஒருநாள் கழண்டுடும். நான் வெல்டு வெச்சுத் தர்றேன். யானை மிதிச்சாலும் அசையாது."

மேனேஜர் யோசித்தார். மாமா விடவில்லை. அப்போது அந்த மெஷினில் நின்ற ஆளைக் கூப்பிட்டார். நெட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள், வாசலில் குனிந்துதான் வருவான். அவனை நிறுத்தி, கையை விரிக்கச் சொல்லி, துணி டேப்பால் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் அளந்தார். நெட்டை கூச்சத்தில் நெளிந்தான். "பாருங்க சார், இவன் தோள் நோகாம நாள் பூரா வேலை செய்வான். உங்க பெட்டிக்கு இவன் தோள் தெரியுமா?" என்றார். பெட்டி திரும்பிப் போனது. திரும்பி வரும்போது வேனில் விசிலடித்துக்கொண்டே வந்தார்.

நெட்டைக்கு அது உண்மையிலேயே அமைந்துபோனது. மாமாவைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடு போடுவான். பிறகு அவன் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மாமாவே பேசி அக்காவைச் சேர்த்துவிட்டார். அக்காவை அந்த மெஷினிலேயே போட்டார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "நான் செஞ்ச மெஷின்லதான் இவ நிக்கிறா. எனக்குப் பயமே இல்லை" என்பார். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள். அது வெட்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அக்கா என் தோளுக்குத்தான் வருவாள். நானே குள்ளம்.

ஒருநாள் மதியம் போன் வந்தது. அக்காவின் இடது கையில் இரண்டு விரல் அச்சுக்குள் போய்விட்டது. மாமாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு எப்படி வேன் ஓட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. வார்டு வாசலில் கம்பெனி சூப்பர்வைசர் நின்றிருந்தார். "பட்டன் சந்துல அட்டையை மடிச்சுச் சொருகியிருக்காங்க சார். ஒரு பட்டன் எப்பவும் அமுங்கியே இருந்திருக்கு. ஒரு கையால ஓட்டியிருக்காங்க" என்றார்.

மாமா உள்ளே போனார். அக்கா கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். வலிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை அந்த மனுஷன்.

"அட்டையைச் சொருகினியா? உனக்கு அறிவிருக்கா? யாரோ செஞ்சிருந்தா பரவாயில்லை, என் கையால செஞ்சதுல போய் இந்த வேலையைப் பண்ணியிருக்கியே! நாளைக்கு நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு இன்னொருத்தன்கிட்ட வேலை கேக்குறது?"

வார்டே திரும்பிப் பார்த்தது. எதிர்க் கட்டிலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு உடைந்து படுத்திருந்த ஒரு பெரியம்மா, "யப்பா, மெதுவா" என்றார். மாமா மெதுவாகவில்லை. அவரை வெளியே இழுத்துக்கொண்டு வந்தது நான்தான். அன்றைக்கு என் கை நீண்டிருக்கும், அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதால் விட்டேன்.

அடுத்த வாரம் கம்பெனிக்கு அரசாங்க ஆய்வாளர் வந்தார். அக்கா தரப்பில் நான் போனேன். கருவியைச் செய்தவர் என்று மாமாவையும் கூப்பிட்டிருந்தார்கள். மேனேஜர் பேச்சு வழவழவென்று இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். கருவி சரியாக இருந்தது, அந்தம்மா விதியை மீறினார்கள், அதனால் கம்பெனி அவர்களைத் திரும்ப வேலைக்கு எடுப்பதற்கில்லை. விரலும் போய், பழியும் சேர்ந்து, வேலையும் போகப்போகிறது.

ஆய்வாளர் மாமாவைப் பார்த்தார். மாமாவும் உயரமான ஆள்தான். மெஷின் முன்னால் நின்று இரண்டு பட்டனையும் அமுக்கிக் காட்டினார். டமார் என்று அச்சு இறங்கியது. ஒரு கையை எடுத்தார், இறங்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நகருங்க மாமா, நான் நிக்கிறேன்" என்றேன்.

நின்றேன். வலது பட்டனைத் தொட்டேன். இடது பட்டனுக்குக் கையை நீட்டினால் விரல் நுனிதான் பட்டது, அமுக்க முடியவில்லை. எக்கினேன். வயிற்றை மேஜை விளிம்பில் அழுத்தி, உடம்பை முன்னால் சாய்த்த பிறகுதான் இரண்டு கையும் எட்டியது. அப்போது என் நெற்றி அச்சுக்கு நேர் கீழே இருந்தது.

"அமுக்காதடா!" என்று மாமா கத்தினார்.

நான் கையை எடுத்துவிட்டுத் திரும்பினேன். "அக்கா என்னைவிடக் குள்ளம், மாமா. அவ எப்படி எட்டுவா?"

பின்னால் நின்ற ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள், "எங்களுக்கும் எட்டாது சார். நெட்டை அண்ணன் போனதுல இருந்து இதுல யார் நின்னாலும் அட்டைதான். அக்காகிட்ட, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி இறக்கி வைக்கச் சொல்லுங்கன்னு எத்தனை தடவை சொன்னோம். அவர் மனசு கஷ்டப்படும்னு சொல்லிட்டாங்க."

மாமா தான் வைத்த வெல்டைத் தடவிப் பார்த்தார். யானை மிதித்தாலும் அசையாத வெல்டு. பூசி மெழுகிவிட்டு வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அவ மேல தப்பில்லை சார்" என்றார். குரல் எழும்பவில்லை, ஆய்வாளர் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. "தப்பு என்னோடது. மெஷின்ல பத்துப் பேர் மாறி மாறி நிப்பாங்க. நான் ஒருத்தனை அளந்து வெல்டு வெச்சுட்டேன். மேனேஜர் சார் அன்னிக்கே ரெடிமேட் பெட்டியைக் காட்டினாரு. நகர்த்துற மாதிரி இருந்துச்சு. அட்டையைச் சொருகினா ஓடவும் ஓடாது. நான்தான் வேண்டாம்னு வாயடிச்சேன்."

அக்காவின் வேலை தப்பியது. மாமாவே கட்டரை எடுத்துக்கொண்டு போய்த் தன் கம்பிகளை அறுத்து எடுத்தார். ரெடிமேட் கம்பத்தை நிறுத்தி, ஒவ்வொரு பெண்ணும் வந்து நின்று பார்க்க, திருகைத் தளர்த்தித் தளர்த்தி இறக்கினார். யாருடைய முகத்தையும் பார்க்காமலே வேலையை முடித்தார்.

வீட்டுக்கு வந்து அக்கா முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன்."

அக்கா ஒரு கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "கம்பெனியில சொன்னீங்க, சரி. ஆஸ்பத்திரியில அத்தனை பேர் முன்னாடி எனக்கு அறிவில்லைன்னு கத்தினீங்களே. அவங்களுக்கு யார் சொல்றது?"

மறுநாள் காலையில் மாமா வேன் பக்கத்தில் வந்து நின்றார். "ஆஸ்பத்திரிக்குப் போகணும்டா."

வார்டில் அநேகமாக எல்லாக் கட்டிலிலும் புது ஆட்கள். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று நர்ஸ் கேட்டார். மாமா திருதிருவென்று விழித்தார். யாரிடம் சொல்வது? அன்றைக்கு இருந்தவர்களில் அந்த இடுப்பு உடைந்த பெரியம்மா மட்டும் அதே இடத்தில் படுத்திருந்தார். மாமா அவரிடம் போனார்.

"அம்மா, அன்னிக்கு என் சம்சாரத்தைத் திட்டினேனே, அது என் தப்பு. அவ ஒண்ணும் பண்ணலை. நான் செஞ்ச சாமான்தான் சரியில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பெரியம்மா அவரைக் கொஞ்ச நேரம் அடையாளம் தேடிப் பார்த்தார்.

"ஓ, நீயா? நீ போனப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட நான் கேட்டேனேப்பா, என்னம்மா உன் புருஷன் இப்படிக் கத்துறான்னு. அது அழுதுக்கிட்டே சொல்லுச்சு, அவர் நல்லாத்தான் செஞ்சிருக்காரு, நான்தான் அதுக்குத் தகுந்த உயரமா பொறக்கலைன்னு."