முன்பாய்க்குத் தைத்த நீலத்துணி

மன்னிப்பது நல்லது என்று கோயிலில் பேச வருகிறவர்கள் சொல்வார்கள். நான் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

கிள்ளானில் என் கடை. கடை என்றால் ஒரு தையல் மெஷின், ஒரு நீள மேசை. லோரிக்குப் படுதா, கோப்பிக்கடை வாசலில் வெயிலுக்குத் தொங்கும் சுருட்டுத்திரை, இவைதான் நாற்பது வருடமாக என் வேலை. எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். கூட்டிக் கூட்டிப் படிப்பேன். இதைக்கூட ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கென்ன அவசரம். ஆனால் துணியில் என் அளவு தப்பியது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அவன் ஒருவன்தான் சொன்னான்.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பல் டாக்டர் ஒருவர், வேலையை விட்ட பிறகு சின்னப் பாய்மரப் படகு ஒன்று வாங்கிப் போர்ட் கிள்ளானில் கட்டி வைத்திருந்தார். முன்பாயை இறக்க ஒவ்வொரு தடவையும் படகின் மூக்குவரை போய்க் குனிந்து இழுக்க வேண்டும். அவருக்கு முதுகுவலி. அதனால் பாயைச் சுருட்டுகிற சாமான் மாட்டச் சொன்னார். படகின் மூக்கில் ஒரு டிரம், அதற்கு மேல் உயரமாக ஓர் அலுமினியக் குழாய். பாயின் ஓரம் குழாயின் பள்ளத்தில் ஏறி நிற்கும். டிரம்மில் சுற்றிய கயிறு, படகின் விளிம்போரம் பொருத்திய சின்னக் கப்பிகள் வழியாகப் பின்னால் வரும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை இழுத்தால் டிரம் திரும்பும், கூடவே குழாய் திரும்பும், பாய் சுருண்டுகொள்ளும். கோப்பிக்கடைத் திரை படுத்துக்கொண்டு சுருளும், இது நின்றுகொண்டு சுருளும். வேறு பெரிய வித்தியாசம் இல்லை.

சுருட்டிய பாய் நாள் முழுக்க வெயிலில் நிற்கும். வெள்ளைத்துணி அந்த வெயிலுக்கு இற்றுப்போகும். அதனால் பாயின் குழாயில் ஏறாத ஓரங்களில், ஒரு முகத்தில் மட்டும், ஒரு முழ அகலத்துக்கு நீலத்துணி வைத்துத் தைப்பார்கள். சுருட்டினால் நீலம் வெளியே நின்று வெள்ளையைக் காப்பாற்ற வேண்டும். அந்தத் தையல் எனக்கு வந்தது.

சாமான் மாட்டுகிறவன், படகுகள் கட்டும் துறையான ஜெட்டியில் எல்லாப் படகுக்கும் அந்த வேலை செய்கிறவன். நாற்பத்தைந்து வயது இருக்கும். கறுப்புக் கண்ணாடியைத் தலையில் வைத்திருப்பான், கண்ணில் போட்டு நான் பார்த்ததில்லை. கடைக்கு வந்து பாயை மேசைமேல் விரித்தான்.

"நீலம் எந்தப் பக்கம் தம்பி?"

"படகுல முன்னால பாத்து நின்னா ரைட் சைட், ஆன்டி. சுலபம்லா."

வலது பக்கத்தில் நான் சாக்பீஸால் கோடு போட்டேன். அவன் அந்தக் கோட்டை விரலால் தட்டிவிட்டுப் போனான். பேப்பர், பேனா எதுவும் அன்றைக்கு வெளியே வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் ஏற்றினார்கள். டாக்டர், டாக்டரம்மா, பக்கத்துப் படகுக்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அவன் பின்னால் உட்கார்ந்து கயிற்றை இழுத்தான். பாய் அழகாகத்தான் சுருண்டது. வெள்ளை வெளியே, நீலம் உள்ளே.

எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. டிரம்மில் கயிற்றை எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறான். கயிறு மாறினால் சுருளும் பக்கமும் மாறும். எத்தனை கடைத்திரைக்கு என் கையால் கயிறு சுற்றியிருப்பேன். ஆனால் நான் வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"தையல் கோளாறு டாக்டர். எந்தப் பக்கம்னு பேப்பர்ல எழுதியே குடுத்தேன். ஆன்டிக்குப் படிக்கத் தெரியாதுலா. பாவம், அவங்களைச் சொல்லி என்ன ஆகப்போவுது."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல், "பரவாயில்லம்மா, பிரிச்சு மாத்தித் தச்சுக் குடுங்க" என்றார். அந்தப் பேப்பர் எங்கே என்று அவர் கேட்கவில்லை. அவ்வளவு படித்தவருக்கு அந்த ஒரு கேள்வி வரவில்லை.

நான் "சரிங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று பிறகு சிலர் கேட்டார்கள். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? "ஓ, அப்படியா" என்று கயிற்றை மாற்றிச் சுற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். என்னைப் பாவம் என்று சொன்னது மட்டும் அங்கேயே நின்றிருக்கும். எனக்கு அது போதாது. எழுதிக் கொடுக்கவில்லை என்று அவன் வாயாலேயே, அதே ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டும். அதற்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்க நான் தயார்.

இரண்டு வாரம் பாய் என் மேசையில் கிடந்தது. ஒரு நூலைக்கூட நான் தொடவில்லை. அதற்குள் அவன் பேச்சு ஊரைச் சுற்றிவிட்டது. பல வருடமாக எனக்குத் திரை வேலை கொடுக்கும் கோப்பிக்கடை முதலாளித் தவுக்கே என்னை நிறுத்தி, "ஆன்டி, மாத்தா சுடா காபோர் கா?" என்று கேட்டார். மலாய்ப் பேச்சில், கண் மங்கிப்போச்சா என்று. அடுத்த நாளே அவருடைய புதுத்திரை ஸ்ரீ கெம்பாங்கானில் வேறு ஒருவனுக்குப் போனது. அதோடு ஒரு லோரிப் படுதா வேலையும் போனது. அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. இது மானத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. இப்படியே விட்டால் அந்த வருடம் முடியுமுன் என் மெஷினை மூடிவைக்க வேண்டியதுதான்.

நடுவில் அவனே போன் செய்தான்.

"ஆன்டி, பிரிக்கறப்ப மெல்லப் பிரிங்க. பாய்த்துணி கிழிஞ்சிட்டா நான் பொறுப்பு இல்ல."

"கவலப்படாத தம்பி. ஒன்னும் கிழியாது."

நான் பொய் சொல்லவில்லை.

மறுபடி பாய் ஏற்ற வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போனேன். பாயோடு என்னை ஒரு லோரிக்காரர் இறக்கிவிட்டார். அளவு பார்க்கணும் என்றதும் வாசல் காவல்கார ஜாகா உள்ளே விட்டுவிட்டான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்து ஏறி, படகின் மூக்கில் சப்பென்று உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் என்னைத் திட்டின. டிரம்மிலிருந்த கயிறு முழுவதையும் உருவினேன். பிறகு டிரம்மை மறுபக்கமாகக் கையால் திருப்பித் திருப்பி, கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்காமல், வரிசையாகச் சுற்றினேன். ஸ்குரூ எதையும் தொடவில்லை. எழுத்துப் படிக்கத் தெரியாத விரல்களுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. இறங்கி வந்து நிழலில் உட்கார்ந்துகொண்டேன்.

எல்லாரும் வந்தார்கள். நான் டாக்டரம்மாவிடம், "கைப்பேசியில பிடிங்கம்மா, நடுவுல நிறுத்தாதீங்க" என்றேன். பாயை ஏற்றினான். டிரம்மை அவன் பார்க்கவேயில்லை, தான் சுற்றிய கயிறுதானே. நீலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பார்க்கவில்லை, முதல் தடவையும் அதைப் பார்த்தவன் இல்லை. கூட்டத்தைத்தான் பார்த்தான். கயிற்றை இழுத்தான். பாய் மேலிருந்து கீழ்வரை நீலமாகச் சுருண்டு நின்றது.

"பாத்தீங்களா டாக்டர்? நான் அன்னைக்கே கண்டுபிடிச்சதாலதான் இன்னிக்கு இப்படி வந்துச்சு. தையல் சரியா இருந்தா என் சாமான் எப்பவும் சரியாத்தான் சுத்தும்."

நான் அவசரப்படவில்லை. அவன் இன்னும் கொஞ்சம் உயரே ஏறட்டும் என்று விட்டேன். டாக்டர் அவன் தோளில் தட்டினார். எனக்கும் ஆறுதல் சொன்னார், பிழை யாருக்கும் வருமாம். அதன் பிறகுதான் எழுந்தேன்.

"தம்பி, பாயை விரிச்சு, பழைய தையல் இருந்த எடத்தைக் காட்டு."

"எதுக்கு ஆன்டி?"

"பாய்த்துணி தடிச்ச துணி. ஊசி போன ஓட்டை மூடாது. பிரிச்சுத் தச்சிருந்தா நூல் இல்லாத ஓட்டை வரிசையா நிக்கும். ஒன்னே ஒன்னு காட்டு, போதும்."

அவன் சிரித்துக்கொண்டே பாயை விரித்தான். சிரித்துக்கொண்டே ஓரத்தைத் தடவினான். பாதி தூரம் போனதும் கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். டாக்டரும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் குனிந்தார். பாய் முடிந்துவிட்டது. ஓர் ஓட்டையும் இல்லை.

"ஒரு நூலும் நான் பிரிக்கல டாக்டர். அன்னிக்குப் பாத்த அதே தையல்தான். டிரம்முல கயிறுதான் மாறியிருந்துச்சு, காலையில திருப்பிச் சுத்தி வெச்சேன்."

பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் உச்சுக்கொட்டினார். அவன், "ஆன்டி, சொல்லியிருக்கலாம்லா" என்றான்.

"நீ எழுதிக் குடுத்த பேப்பர் எங்க?"

அவன் பாயின் ஓரத்தை மறுபடி தடவினான்.

"எழுதிக் குடுத்தியா தம்பி?"

"இல்ல ஆன்டி."

"அந்தப் படகுக்காரருக்குக் கேக்கல."

"எழுதிக் குடுக்கல. சும்மா சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

"மாட்டேன்" என்றேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்து, "விடுங்கக்கா" என்றார். விடுவதற்கு நான் வரவில்லை. டாக்டர் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்து, இதற்காகவா இரண்டு வாரம் படகைக் கட்டிப்போட்டீர்கள் என்று கேட்டார். "அன்னிக்கு நீங்க ஒரு கேள்வி கேட்டிருந்தா அன்னிக்கே போயிருக்கலாம் டாக்டர்" என்றேன்.

டாக்டரம்மா எடுத்த அந்த வீடியோவை என் கைப்பேசிக்கு வாங்கிக்கொண்டேன். தவுக்கேக்கு, லோரிக் கம்பெனிக்காரருக்கு, ஜெட்டியில் எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். அதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை, அவரவர் முகத்தைப் பார்த்து அமுக்கினால் போகிறது. போன வேலைகள் ஒரு வாரத்தில் திரும்பி வந்தன.

மறு மாதம் அவன் மனைவி போன் செய்தாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன், சத்தம் அப்படி இருந்தது.

"ஆன்டி, அதை அழிக்கச் சொல்லுங்க. ரெண்டு படகு வேலை போயிருச்சு. அவரு ஜெட்டிக்குப் போகவே கூச்சப்படறாரு."

"என் வேலை போனப்ப நீ யாருக்கும் போன் பண்ணியாம்மா?"

"எனக்குத் தெரியாது ஆன்டி."

அவளுக்குத் தெரியாது, உண்மைதான். அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். மெஷினில் பாதி தைத்த படுதா இருந்தது, அதை முடித்தேன். அதற்குப் பிறகு அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று இரண்டு தடவையும் சொன்னேன்.

இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.