தவிட்டுக்குப் போன மகள்

என் வயிற்றில் இன்னொன்று தங்கியிருக்கிறது என்பதை எனக்கு முதலில் தெரிவித்தது என் ஒன்பது மாதப் பெண்குழந்தைதான். மடியில் படுத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று வாயை எடுத்தாள். முகத்தைச் சுளித்தாள். வாயிலிருந்த பாலை என் முந்தானையிலேயே துப்பிவிட்டு, என்னைப் பார்த்து அழுதாள். காரம் கீரம் தின்றுவிட்டேனோ என்று நினைத்து மறு பக்கம் மாற்றினேன். அதையும் துப்பினாள்.

பக்கத்தில் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த என் நாத்தனார், கையை நிறுத்தாமலே கேட்டாள்: "பால் மாறிடுச்சி. எத்தினி மாசம்?"

"இன்னா எத்தினி மாசம்?"

"ஒன்னத்தாண்டி கேக்கறேன். எத்தினி மாசம் ஆவுது?"

முதல் பிள்ளை பிறந்த பிறகு நான் ஒரு தடவைகூடத் தூரமாகவில்லை. தூரமாகாதவளுக்குப் பிள்ளை எங்கிருந்து வரும் என்று நிம்மதியாக இருந்தவள் நான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்றாம் வகுப்பு வரை படித்த கர்வம் வேறு. ஆனால் என் உடம்பில் நடப்பதை ஒன்பது மாதக் குழந்தை கண்டுபிடித்தது, முறம் புடைக்கிறவள் சொன்னாள், எனக்கு மட்டும் தெரியவில்லை.

நாங்கள் அப்போது ஆம்பூரில் இருந்தோம். தோல் பதனிடும் கிடங்கை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு ஒரு ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை. அவருடைய அக்கா, புருஷனை இழந்தவள், எங்களோடு இருந்தாள். அவளைத்தான் நாத்தனார் என்றேன். நான் கூப்பிடுவது அண்ணி என்று. அவருடைய அண்ணனும் அண்ணன் மனைவியும் அதே வரிசையில் மூன்று வீடு தள்ளி இருந்தார்கள். அந்த அண்ணன் மனைவியான என் ஓரகத்திக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. அவள் ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்துவிட்டு, அதன் சாயத்தில் சிவந்த கையோடு சாயங்காலம் வருவாள். வந்ததும் என் பெண்ணைத்தான் முதலில் தூக்குவாள். கை கழுவிவிட்டுத் தூக்கக் கூடாதா என்று நான் முறைப்பேன். அவள் கண்டுகொள்ளமாட்டாள்.

இரண்டாவதும் பிறந்தது. ஆண். அறைக்கு வெளியே என் பெண் காலையிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டு அழுதது எனக்கு வலியின் ஊடே கேட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே விட்டால் என்மேல் பாய்வாள், தம்பியை அடிப்பாள் என்று எல்லோரும் தயாராக இருந்தோம். பிறந்தவனைக் குளிப்பாட்டி முடித்து அவளை உள்ளே விட்டார்கள். வந்தாள். கிட்டே நின்று என் முந்தானையை விலக்கிப் பார்த்தாள். உள்ளே ஒருவன் இருந்தான். அழுகையை நிறுத்தினாள். முந்தானையை முன்பு இருந்தபடியே இழுத்து மூடிவிட்டு, திரும்பிப் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்றரை வயதுகூட நிறையாத குழந்தை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மூடிவிட்டுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை அவளுக்கு. கூழைக் கரைத்துக் கொடுத்தாலும் வாயோரமாக வழியவிட்டாள். வயிறு உப்பி, கை கால் குச்சியாயிற்று. பதினோராம் மாதமே நடந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். தெருவில் போகிறவர்கள்கூட ஒரு தடவை பார்த்துவிட்டு, "சவலை பாஞ்சிடுச்சி" என்றார்கள். தம்பி வந்த ஏக்கத்தில் மூத்தது தேய்ந்துபோவதைத்தான் சவலை என்பார்கள். அந்த வருஷம் எங்கள் வரிசையிலேயே இரண்டு சவலைக் குழந்தைகளை மண்ணில் போட்டிருந்தார்கள். எனக்கு அது தெரியும். அதனால் நாத்தனார் சொன்னதற்கு நான் தலையாட்டினேன்.

"தவுட்டுக்கு வித்துடலாம்."

இது எங்கள் பக்கத்து வழக்கம். உயிருக்குத் தேறாது என்று பயப்படுகிற குழந்தையைத் தவிட்டுக்கு விற்றதாகச் செய்துவிட்டால், பெற்றவளுடைய தோஷம் அதை விட்டுப் போய்விடும் என்று நம்பினார்கள். வாங்குகிறவள் முன்வாசலில் தவிட்டைக் கொடுத்துவிட்டு, குழந்தையைப் பின்வாசலில் வாங்கிக்கொண்டு போகவேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்வாசல் ஏது? நாத்தனார் சுற்றிப் பார்த்தாள். பின்சுவரில் கம்பியில்லாத ஒரு சன்னல் இருந்தது. "இது போதும்" என்றாள்.

நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். என் ஓரகத்தி முன்வாசலில் வந்து மூன்று படி தவிட்டை முறத்தில் கொட்டினாள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். நாத்தனார் என் பெண்ணைத் தூக்கிச் சன்னலில் நீட்டினாள். வெளியிலிருந்து சிவந்த இரண்டு கைகள் வந்து வாங்கின. கடைசியாக நான் பார்த்தது அவளுடைய குச்சிக் கால்கள் இரண்டும் சன்னல் கட்டையில் இடித்துக்கொண்டு வெளியே போனதைத்தான். எல்லாம் விளையாட்டுக்கு, ஒரு சாங்கியத்துக்கு என்று தெரிந்தும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. பச்ச ஒடம்பு" என்றாள் நாத்தனார். தவிட்டை ஒரு பானையில் போட்டுத் துணியால் வாய் கட்டினாள். "சவலை தீந்ததும் இதே தவுட்டத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் புள்ளய வாங்கணும். அது வரிக்கும் அவ ஒம் புள்ள இல்ல. கூப்புடாத, தூக்காத. பானையில கை வெக்காத."

தவிட்டுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். படித்தவள் அல்லவா.

குழந்தை அங்கே போன பத்தாம் நாள் மூன்று வீடு தள்ளியிருந்து சிரிப்பு கேட்டது. அவளுடைய சிரிப்புதான். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. என் வீட்டில் அழுது தேய்ந்தவள் அங்கே போய் என்னத்தைக் கண்டு சிரிக்கிறாள் என்று பொருமினேன். மடியிலிருந்த பச்சைக் குழந்தையை வேண்டாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு சீமையில் சண்டை வந்தது. தோல் ஏற்றிப் போகிற கப்பல் போகவில்லை என்றார்கள். பதனிட்ட தோல் கட்டுக்கட்டாகக் கிடங்கிலேயே கிடந்தது. புதுத் தோல் குழிக்குள் இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் காலையில் போய் ஷாப்பு வாசலில் நின்றுவிட்டு, மத்தியானம் திரும்பி வருவார். "ஒரே பேஜாராக் கீது" என்பார். வீட்டில் கூழ் நாளுக்கு நாள் தண்ணீராயிற்று. எனக்குப் பால் வற்றியது. சின்னவன் உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் கத்துவான். ஒருத்தி பால் கெட்டுப்போய்க் கைவிட்டுப் போனாள். இவனுக்குப் பாலே இல்லை. நான் என்ன தாய் என்று சுவரில் தலையை முட்டிக்கொள்ளாத குறை.

ஒரு பகலில் நாத்தனார் விறகு பொறுக்க ஆற்றுப்பக்கம் போயிருந்தாள். நான் பானையின் வாயை அவிழ்த்தேன். ஒரு பிடி தவிடு எடுத்து, சலித்து, ஒரு கை கேழ்வரகு மாவும் உப்பும் போட்டுப் பிசைந்து, கல்லில் அடையாகத் தட்டினேன். சுடச்சுடத் தின்றேன். நன்றாக இருந்தது. அன்று சாயங்காலம் சின்னவன் குடித்துவிட்டு அழாமல் தூங்கினான்.

எந்தத் தவிடாக இருந்தால் என்ன, வேலை வந்ததும் வேறு வாங்கிப் பானையை நிரப்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டேன். மறு நாளும் ஒரு பிடி. பிறகு தினம் ஒரு பிடி. சில நாள் இரண்டு.

நாலு மாதம் போனது. கப்பல் மறுபடி போக ஆரம்பித்து, வேலையும் கொஞ்சம் வந்தது. பானையை நிரப்புவதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். என் பெண்ணுக்குச் சவலை தீர்ந்துவிட்டதென்று தெருவே சொன்னது. ஒரு நல்ல நாள் பார்த்து, குளிப்பாட்டி, புதுப் பாவாடை கட்டி, என் ஓரகத்தி அவளை எங்கள் வாசலுக்கு அழைத்து வந்தாள். தூக்கிக்கொண்டு வரவில்லை, அவள் நடந்தே வந்தாள். கன்னம் உப்பியிருந்தது. இடுப்பில் பாவாடைமேல் பட்டைச் சாயம் படிந்த விரல் அடையாளம் இருந்தது.

நாத்தனார் பானையை எடுத்து வந்து வைத்தாள். துணியை அவிழ்த்துக் கையை விட்டாள். நகம் மண்பானையில் உரசுகிற சத்தம் கேட்டது.

"இன்னாடி இது?"

அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது, நானும் நம்புகிறவள்தான் என்று. சிரித்ததெல்லாம் பொய். மகளின் விலையை நான் அடை தட்டித் தின்றிருக்கிறேன். அதுவும் ருசி பார்த்துத் தின்றிருக்கிறேன்.

"எலி" என்றேன்.

நாத்தனார் கட்டியிருந்த துணியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். என் ஓரகத்தி குறுக்கிட்டாள். "ஆமா அண்ணி. இந்த வருசம் எலிங்க ஜாஸ்திதான்."

நாத்தனார் என் வீட்டுக்காரரைத் தவிடு வாங்கிவர அனுப்பினாள். வேறு தவிடு கொடுத்தால் செல்லுமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவர அவளும் போனாள். வீட்டில் நாங்கள் இரண்டு பெண்களும் இரண்டு குழந்தைகளும்தான். ஓரகத்தி அந்தப் பின் சன்னலைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"கெணத்துக்குப் போவும்போது பாத்தேன். நீ துன்றத."

"எப்போ?"

"மொதல் நாளே."

"ஏங்க்கா சொல்லல? சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே."

"நிறுத்திட்டா பச்சப் புள்ளைக்குப் பால் எங்கேர்ந்து வரும்?" என்றாள். "அதுக்கு மட்டுமில்ல. அது காலியானா இவ என்கிட்டயே இருந்துடுவாளோன்னு ஒரு ஆச. பொய் சொல்லல. பானை காலியாவணும்னு வேண்டிக்கினேன்."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அவள் என் சின்னவனுடைய பாலையும் நினைத்திருக்கிறாள், என் பெண்ணுக்கும் ஆசைப்பட்டிருக்கிறாள். பிறகு அவளே என் பெண்ணைத் தூக்கி என் பக்கம் நீட்டினாள். "தா, வாங்கிக்கோ. தவுடு கிவுடு ஒண்ணும் வேணாம்."

நான் கையை நீட்டினேன். என் பெண் என்னைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பொம்பளையைப் பார்க்கிற பார்வை. ஓரகத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பி, "அம்மா" என்று அவளிடம் முனகினாள். தலைமயிரில் பட்டை வாசனை அடித்தது.

"இருக்கட்டும்க்கா" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் உன்கிட்டயே இருக்கட்டும்."

அதை ஏன் சொன்னேன் என்று பல விதமாகச் சொல்லிக்கொள்வேன். குழந்தை அழுவாள் என்று சொன்னேன். தின்றுவிட்ட குற்றத்துக்குச் சொன்னேன். ஆனால் அடுப்படியில் இருந்த கூழ்ப்பானையும் அந்த நேரம் என் கண்ணில் பட்டது. ஒரு வாய் குறையும் என்று என் மனசு கணக்குப் போட்டது. என் வீட்டுக்காரர் தவிட்டோடு திரும்பி வந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். அந்தத் தவிட்டைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டோம்.

கொஞ்ச நாள் என்றது வருஷங்களாயிற்று. என் பெண் ஓரகத்தியையும் அவள் புருஷனையும் அம்மா, அப்பா என்றாள். என்னைச் சித்தி என்றாள். பெரியப்பன் மகளாக என் மகனோடு மண்ணில் விளையாடினாள். யாரும் எதையும் மறைக்கவில்லை. நடந்ததெல்லாம் அவளுக்கும் தெரியும். கணியம்பாடிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். தாரை வார்த்தது அவர்கள் இருவரும்தான். நான் பந்தியில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் அவள் தலைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அம்மா வீட்டில் இறங்கிவிட்டு, என் வீட்டுக்கும் வந்தாள். நான் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அவன் வாயை எடுத்துத் துப்பினான்.

"நாலு நாளா இப்டிதான் துப்பறான் சித்தி. இன்னான்னே தெரில."

எனக்குக் கை நின்றுவிட்டது. "எத்தினி மாசம்?" என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்து, கையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் அவள் கிட்டே போனேன். இத்தனை வருஷத்தில் அவளுக்கு நான் புத்தி சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். "இவன் சவலை பாஞ்சா வேலூர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போ. யார் சொன்னாலும் தவுட்டுக்கு மட்டும் குடுத்துடாத."

அவள் சிரித்தாள். குத்திக் காட்டுகிற சிரிப்பு இல்லை, வெள்ளையாகத்தான் சிரித்தாள்.

"குடுத்தா இன்னா சித்தி? என்னியும்தான் குடுத்தீங்க. இன்னா கொறஞ்சி போச்சி?"

நான் முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். "ஒண்ணும் கொறையல" என்றேன்.