வளர்மதி அக்காவின் தாகம்

புதன்கிழமை காலை டயாலிசிஸுக்குப் புறப்பட்டுப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது வளர்மதி அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் அவருடைய கணவர். "ஒங்க அக்கா போயிட்டா தம்பி. மூணு மணிக்கு எடுக்குறோம்" என்றார். அந்த நேரத்துக்குள் அவர்கள் ஊர் போய்ச் சேர என் டயாலிசிஸ் இயந்திரம் என்னை விடாது. வாரத்தில் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம், தள்ளிப்போட முடியாது. அது அவருக்கும் தெரியும். "முடிச்சுட்டு மெதுவா வாங்க" என்று அவரே சொன்னார்.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் மூன்று ஆண்டுகளாக அக்காவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. இருவருக்குமே சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. நான் பள்ளி ஒன்றில் எழுத்தர். அவர் ஒரத்தநாட்டுப் பக்கம் கணவரோடு குத்தகைக்கு நெல் பயிரிட்டவர். முதல் நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊசி போடுறப்ப அதைப் பாக்காதீங்க தம்பி, என்னைப் பாருங்க. நான் ஒண்ணும் அழகில்ல, ஆனா ஊசிக்குப் பரவால்ல" என்றார்.

ஊசியைவிட எங்களை வதைத்தது தாகம். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். கூடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம், வயலிலிருந்து வந்த அக்கா இரண்டு சொம்பு குடித்துவிட்டார். மூச்சுத் திணறத் திணறத் தூக்கி வந்தார்கள். கொஞ்சம் தெளிந்ததும், "நெல்லு குடிக்குது, மாடு குடிக்குது, நான் மட்டும் பாத்துக்கிட்டு நிக்கணுமா தம்பி?" என்று அழுதார்.

அதன் பிறகுதான் மனநல ஆலோசகர் ஒருவர் எங்களிடம் வரத் தொடங்கினார். இளம்பெண். தாகத்தோடு சண்டை போடாமல், அது உடம்பில் எங்கே இருக்கிறது, கூடுகிறதா, குறைகிறதா என்று கவனிக்கச் சொன்னார். கண்ணை மூடியிருந்த அக்கா, "நாக்குல இருக்கு மேடம், தொண்டையில இருக்கு. அதுக்குக் கீழ போனா நெஞ்சுல பயம் இருக்கு. அதை என்ன செய்றது?" என்று கேட்டார்.

ஆலோசகர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "அதுகூடவும் கொஞ்ச நேரம் இருந்து பாப்போம். நானும் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றார்.

அக்கா அதை விடாமல் செய்தார். ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டு, அது கரையும்வரை வேறெதையும் நினைக்காமல் இருந்து பார்ப்பார். சில நாள் அதுவும் பலிக்காது. "இன்னிக்கு மனசு நிக்கல. கவனிக்கக் கவனிக்கத் தாகம்தான் கூடுது" என்பார். பயிற்சி நோயைக் குணமாக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பின் அவர் மூச்சுத் திணறி வரவில்லை. அவருடைய அண்ணன் சிறுநீரகம் தர முன்வந்து, பொருந்தாது என்று தெரிந்த அன்று நெடுநேரம் கண்ணை மூடிக் கிடந்தார். "எங்கண்ணன் மொகந்தான் வருது. வந்துட்டுப் போகட்டும்" என்றார்.

போன திங்கட்கிழமை, மூன்றாவது மணி நேரத்தில் அவருடைய ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கியது. செவிலியர்கள் ஓடி வந்தார்கள். அக்காவின் கை என் பக்கம் நீண்டது. அந்தப் பக்கத்துக் கையில்தான் எனக்கு இரண்டு ஊசிகள், அசைக்கக்கூடாது. "மூச்சைப் பாருங்கக்கா, மூச்சை மட்டும் பாருங்க" என்றேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அவரைத் தள்ளிச் சென்ற பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை நான் அக்காவின் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஈரத்தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்த கணவர் கேட்டார்:

"திங்கக்கெழம நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. அதுக்கப்புறம் அவ கண்ணே தொறக்கல. கடைசியா என்ன சொன்னா தம்பி?"

"மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கன்னாங்கண்ணே."

"அன்னிக்கு நம்ம வயல்ல மோட்டார் ஓடவே இல்லையே" என்றார்.

படுக்கையருகே இரைந்துகொண்டிருந்த இயந்திரத்தைத்தான் அக்கா சொன்னாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. அதை அவரிடம் சொல்லவும் இல்லை. அவர் எழுந்து, வரப்பில் இறங்கி, மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தார்.

போய் வாருங்கள் அக்கா. நீட்டிய கையைப் பிடிக்க என்னால் முடியாமல் போய்விட்டது.