கரடிகளை வரைந்த இயக்குநர்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது என் சித்தப்பா ஒரு ஜப்பானியப் பட இயக்குநருடன் நெடுநேரம் பேசினார். அவர் இயக்குநர் இல்லை என்பது சித்தப்பாவுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

அப்போது நாங்கள் சுவிஸில், பேர்ண் நகரின் மேற்கே பூம்ப்ளிஸில் இருந்தோம். அப்பாவின் தம்பியான சித்தப்பா எங்கள் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு வேலைக்குப் போய்வந்தார். சித்தியும் கைக்குழந்தையும் மட்டக்களப்பில். அவர்களுக்கு இன்னும் விசா கிடைக்கவில்லை. அதெல்லாம் பெரியவர்களின் கவலை. எனக்கிருந்த ஒரே கவலை ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படத்தைப் பற்றியது.

நூலகத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்துவந்த டிவிடி அது. மேகங்களை மேய்க்கும் ஒரு சிறுமிக்கும் முதுகெல்லாம் பாசி படர்ந்த ஒரு பெரிய மிருகத்துக்கும் சிநேகம். மழைக்காலம் முடிந்ததும் மிருகம் ஆற்றின் அந்தப் பக்கம் நின்றுவிடும். சிறுமி இந்தப் பக்கம். அவ்வளவுதான், ஒரு பாட்டைப் போட்டு முடித்துவிடுவார்கள். ஜெர்மன் தெரியாத சித்தப்பாவுக்கு நான்தான் பக்கத்தில் இருந்து தமிழில் கதை சொல்வேன். ஆறு வரும் இடத்தில் அவர் தேத்தண்ணி போட எழுந்து போய்விடுவார். கடைசியில் இயக்குநரையும் காட்டுவார்கள்: வெள்ளைத் தலைமயிர், வட்டக் கண்ணாடி, கையில் பென்சில். எல்லாவற்றையும் கையாலேயே வரைவாராம். அவ்வளவு வரைகிறவர் ஒரு பாலத்தையும் வரைந்திருக்கக் கூடாதா என்பதுதான் என் கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா என்னை நகரின் கரடிப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். ஆற்றங்கரைச் சரிவில் கரடிகள் வெயில் காய்ந்தன. மேலே ஒரு வாங்கில் உட்கார்ந்து, வெள்ளைத் தலைமயிரும் வட்டக் கண்ணாடியுமாக ஒரு ஜப்பானியக் கிழவர் அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார்.

"சித்தப்பா, அவர்தான்!"

"ஆரு புள்ள?"

"படம் எடுத்தவர்!"

சித்தப்பா கிழவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓம், அவரு மாதிரித்தான் கிடக்கு" என்றார். என்னிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு என்றைக்குமே மனம் வராது.

நான் நேரே போய் நின்று, சுவிஸ் ஜெர்மனில் கேட்டேன். கிழவர் சிரித்துத் தலை குனிந்தார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"இங்கிலீசில கேளுங்க சித்தப்பா. ஏன் ரெண்டு பேரையும் பிரிச்சு வெச்சவர் எண்டு கேளுங்க. அடுத்த படத்திலயாவது சேர்த்து வைக்கச் சொல்லுங்க."

பாசிக்குடா ஹோட்டலில் வேலை செய்தபோது பொறுக்கிய ஆங்கிலம் சித்தப்பாவிடம் கொஞ்சம் இருந்தது. வாங்கின் நுனியில் அமர்ந்து தொடங்கினார். என் கேள்வி சின்னது. அவரோ சொல்லிக்கொண்டே போனார். எங்கோ தூரத்தைக் காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டி ஒரு குழந்தையின் அளவைக் காட்டினார். மிருகம் அதைவிடப் பெரிது என்று நான் இடையில் திருத்தினேன்.

கிழவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு அவரும் திக்கித் திக்கி ஏதோ சொல்லி, சட்டைப்பையிலிருந்து ஒரு பெண்ணின் புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். சிறுமிக்குக் குரல் கொடுத்தவராக இருக்கும் என்று நினைத்தேன். கடைசியில் சித்தப்பாவின் கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னவர்?"

சித்தப்பா வாங்கிலிருந்து எழுந்தார். "சேர்த்து வைப்பாராம். கொஞ்சம் நாள் எடுக்குமாம்."

சித்தியும் தம்பியும் வந்து, தம்பி பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிய பிறகுதான், அன்று உண்மையில் என்ன கதைத்தார்கள் என்று கேட்டேன்.

"உன்ட படத்தப் பத்தித்தான் தொடங்கினன் புள்ள. ஆறு எண்டு சொன்னதும் என்ட கதை வந்திட்டு" என்றார் சித்தப்பா. கிழவர், மனைவியுடன் வர நினைத்திருந்த பயணத்துக்கு, அந்த அம்மா இறந்த பின் தனியாக வந்திருந்தாராம்.

இதெல்லாம் அன்று எனக்கு எங்கே தெரியும்? ட்ராமில் திரும்பும்போது, அடுத்த படம் எப்போது வரும், வரும் கிழமையே நூலகத்தில் கிடைக்குமா என்று துளைத்துக்கொண்டு வந்தேன். "வரும் புள்ள, வரும்" என்று சொன்ன சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைவிட அவருக்குத்தான் அந்தப் படத்தில் ஆசை அதிகம் என்று எண்ணி, முதல் நாளே அவரையும் கூட்டிப்போவதாகச் சத்தியம் செய்து கொடுத்தேன்.