விலை இறங்கும், அக்கா

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பழுது பார்க்கும் தொழிலில் கை எவ்வளவு கறுத்தாலும் பரவாயில்லை, வாயில் மட்டும் கெட்ட வார்த்தை வரக் கூடாது. இரண்டில் அதுதான் சிரமம்.

வீட்டில் அப்படி ஒரு காரை வைத்துக்கொண்டு, தினம் காலையில் அதன் அடியில் பிஸ்கட் டின் மூடியை நகர்த்தி நகர்த்தி எண்ணெய் பிடிக்கும் அன்பர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கூரையை இழுத்து மாட்டி முடிப்பதற்குள் மழை விட்டுவிடும். மாட்டியிருந்தாலும் மழை உள்ளே வரும். பினாங்குக் கடல் காற்றுக்கு அந்தத் தகரம் என்றால் அவ்வளவு பிரியம். இந்த லட்சணத்தில் டத்தோ கெராமட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருபது வருஷத்துக்கு மேல் பட்டறை நடத்தினேன். எந்தக் கம்பெனிக் கார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதன் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். தாழ்ந்த கார், கம்பிச் சக்கரம், இரண்டே சீட். அது தெரிந்தால் போதும்.

ஒரிஜினல்

என் வாடிக்கையாளர்களில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவருடைய காரின் வைப்பர் மோட்டார் அடிக்கடி படுத்துக்கொள்ளும். ஜப்பான் மோட்டார் ஒன்று போட்டுவிடுகிறேன், மழையைப் பற்றிய கவலையே வேண்டாம் என்றேன். என்னவோ அவர் பல்லைப் பிடுங்கி மாட்டுப் பல் வைக்கிறேன் என்று சொன்னதுபோல் பார்த்தார். இங்கிலாந்தில் இருந்து வந்த காரில் ஓர் ஆணி மாறினாலும் மதிப்புப் போய்விடும், புதிதாக ஓட்டை போட்டால் சேகரிப்பவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்கே பாடம் நடத்தினார்.

உண்மைதான். இந்தத் தொழிலின் முதல் விதியே அது. சிங்கப்பூரில் இருந்து வாங்க வருபவர்கள் டார்ச் அடித்துத் தேடுவது துருவைக்கூட இல்லை, ஓட்டையைத்தான். அதனால் பேசாமல் பழைய மோட்டாருக்கே புதுக் கம்பி சுற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அடைமழையில் டாக்டர் தொப்பலாக நனைந்து பட்டறைக்குள் வந்து நின்றார். வைப்பர் நடுரோட்டில் நின்றுவிட்டதாம். தலையைச் சாய்த்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டி வந்திருக்கிறார். இப்போதாவது ஜப்பான் மோட்டார் போடட்டுமா என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்:

"நனையறதா இருந்தாலும் ஒரிஜினலா நனையணும், தம்பி."

ஒரு கார், இரண்டு உத்தரவு

மிஸஸ் செல்லத்துரையின் கார் என்னிடம் வந்தது பினாங்குப் பாலம் திறந்து சில வருஷங்கள் கழித்து. அவர் யாழ்ப்பாணக் குடும்பம். தபால் கவுன்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒல்லியாக, என் தோள் உயரம்கூட வரமாட்டார். கணவர் செல்லத்துரை கப்பல் ஏஜென்சி ஒன்றில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார மேனேஜரிடம் அந்தக் காரை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தோறும் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து பத்து பிரிங்கி கடற்கரை வரை ஓட்டிப் போனவர். அவர் இறந்த பிறகு கார் புலாவ் திக்குஸ் வீட்டு முன்னால் தார்பாய்க்குள் கிடந்தது. நான் திறந்தபோது சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

கார் பட்டறைக்கு வந்த அன்றே கோலாலம்பூரில் இருந்து மகன் ரவீந்திரன் போன் செய்தார். ஒரே பிள்ளை, கணக்காய்வாளர். துருவை மட்டும் எடுங்கள், ஒரிஜினலாக இருக்கும் எதையும் தொட வேண்டாம், சிங்கப்பூரில் வாங்க ஆள் தயார் என்றார். காரை விற்று, வீட்டையும் பூட்டிவிட்டு அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போகப் போகிறாராம். தனியாக இருக்கிறவர், ராத்திரியில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்ப்பது என்றார். அக்கறையாகத்தான் பேசினார், எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மிஸஸ் செல்லத்துரை குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார். மகன் சொன்னதைச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அவன் விக்கக் கேக்கிறான், நான் ஓட்டக் கேக்கிறன். கார் என்ர பேரில இருக்குது, தம்பி."

எட்டாத கால்

அவரிடம் லைசன்ஸ் பல வருஷமாக இருந்தது. ஆனால் கணவர் இருந்தவரை ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் முதல் தடவையாக வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். கால் கிளச்சுக்கு எட்டவில்லை. சீட்டை முழுக்க முன்னால் தள்ளியும் எட்டவில்லை. முதுகுக்கு ஒரு மெத்தை வைத்துக்கொள்ளலாம் என்றேன். மெத்தை வேண்டாம், சீட்டையே கழற்றி இன்னும் முன்னுக்கு நகர்த்தி முடுக்குங்கள், பெடலிலும் கட்டை வைத்துவிடுங்கள் என்றார்.

அதற்குத் தரையில் புது ஓட்டை போட வேண்டும். அந்தத் தரையைத் தகர வேலை பார்க்கும் ஆ செங் அப்போதுதான் பழைய அச்சு மாறாமல் அடித்துப் பொருத்தி, குழந்தையைத் தடவுவதுபோல் தடவிக்கொண்டிருந்தான். "விலை இறங்கும், அக்கா" என்றேன். எவ்வளவு இறங்கும் என்று கேட்டார். நிறையவே இறங்கும் என்று பயமுறுத்தினேன். பயந்த மாதிரித் தெரியவில்லை. எந்தெந்தச் சாமானை மாற்றினால் எவ்வளவு இறங்கும் என்று அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தபால் கவுன்டரில் இருந்தவர், கணக்கு மனசில் நிற்க வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டு நானும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாவற்றையும்விட வாங்க வருபவர்கள் முதலில் பார்ப்பது உள்ளே மீட்டர்கள் பதித்த முன்பக்க வால்நட் மரப் பலகையைத்தான், அதில் ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு என்றும் சொல்லி வைத்தேன். அவர் போனதும் டிரில்லை எடுத்தேன். ஆ செங் தன் தரையைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பெயிண்டே காயல, அதுக்குள்ள ஓட்டை. இந்த அக்காவுக்குக் காரு மேல என்ன கோவம் லா?"

முருகன்

அடுத்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோ போயிற்று, அந்த இடத்துக்கு ஜப்பான் ஆல்டர்னேட்டர் வந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் மின்விசிறி வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் "விலை இறங்கும், அக்கா" என்பேன், ஒவ்வொரு தடவையும் அவர் தலையாட்டிக்கொண்டே போடச் சொல்வார். கார் என்னவோ நாளுக்கு நாள் நன்றாக ஓடியது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீர்மலைக் கோயிலில் கும்பிட்டுவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்தார். கைப்பையில் இருந்து பித்தளைத் தாங்கியில் நிற்கும் சின்ன முருகனை எடுத்து, அந்த வால்நட் பலகையின் நட்டநடுவில் வைத்துக் காட்டி, இங்கே ஆணி போட்டு முடுக்குங்கள் என்றார். காந்தம் வைத்துப் பார்க்கலாமா என்றேன், மரத்தில் காந்தம் நிற்காது என்று அவரே சொன்னார். சரி, நல்ல பசை இருக்கிறது, அடையாளமே தெரியாமல் ஒட்டிவிடலாம், பிறகு வேண்டுமானால் பிரித்துவிடலாம் என்றேன். எந்த ஊர்க் கோயிலில் சாமியைப் பிரித்தெடுக்கிறாற்போல வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். விநாயகரை வேண்டிக்கொண்டு முருகனுக்காக ஓட்டை போட்டேன். மரத்தூள் பறந்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்தது. தூள் விழுந்ததால்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் முந்தானையால் பலகையைத் துடைத்துவிட்டு, ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இனி ஆரும் இவரை அசைக்க ஏலாது."

போலீஸ்காரர்

அதற்குப் பிறகு அவர் தினமும் ஓட்டினார். காய்கறி வாங்கப் பாசாருக்கு ஓட்டினார், கோயிலுக்கு ஓட்டினார், ஒன்றும் வேலை இல்லாவிட்டால் கடற்கரை ரோட்டில் சும்மா ஓட்டினார். முதல் சில நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். கூரையை மடக்கிவிட்டுத் தஞ்சோங் தொக்கோங் வளைவுகளில் கியரைக் குறைத்து அவர் ஏற்றியபோது, இத்தனை வருஷமும் பக்கத்து சீட்டில் இருந்தே இவர் கால் கிளச்சை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறது என்று தெரிந்தது. வேகமாகப் போக மாட்டார். நிதானமாக, யாருக்கும் வழி விடாமல் போவார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

திரும்பி வரும்போது குர்ணி ரோட்டில் ஒரு மலாய்ப் போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து கை காட்டி நிறுத்தினார். லைசன்ஸைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், முருகனைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஏன் நிறுத்தினீர்கள் என்று நான் கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு மிஸஸ் செல்லத்துரையிடமே மலாயில், அத்தை முறை வைத்துச் சொன்னார்:

"மன்னிக்கணும், மக்சிக். அந்தப் பக்கத்துல இருந்து பார்த்தப்ப ஸ்டியரிங் பின்னால ஆளே தெரியல."

டார்ச் வெளிச்சம்

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ரவீந்திரன், காரை வாங்க இருந்த சிங்கப்பூர்க்காரரோடு, அந்த மனிதரின் வண்டியிலேயே வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. மிஸஸ் செல்லத்துரை எண்ணெய் மாற்றுவதற்காகக் காரோடு பட்டறைக்கு வந்திருந்தார். மகனைப் பார்த்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். நான்தான் டிரில்லை எடுத்து மேஜைக்கு அடியில் தள்ளினேன்.

வந்தவர் நல்ல மனிதர், சத்தம் போடாதவர். வெளியே இருந்து பார்த்தபோது முகம் மலர்ந்தது. டார்ச்சோடு உள்ளே தலையை விட்டார். தரையைப் பார்த்தார், பெடல் கட்டைகளைப் பார்த்தார். பானெட்டைத் திறந்து ஜப்பான் சாமானைப் பார்த்தார். கடைசியில் வெளிச்சம் வால்நட் பலகையில் வந்து நின்றது. முருகன் பளபளவென்று நின்றுகொண்டிருந்தார். டார்ச்சை அணைத்தார். ஓட்டுவதற்கு அருமையான கார், ஆனால் சேகரிப்பில் வைக்க இனி உதவாது என்று ரவீந்திரனிடம் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். எங்கள் எல்லோரிடமும் கை குலுக்கிவிட்டுத்தான் போனார்.

ரவீந்திரன் என் பக்கம் திரும்பினார். ஒன்றையும் தொடாதீர்கள் என்று சொன்னேனே, யாரைக் கேட்டு இத்தனை ஓட்டை போட்டீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மிஸஸ் செல்லத்துரை ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"தம்பியை ஏசாதை, ரவி. ஒவ்வொரு ஓட்டையும் நான் சொல்லிப் போட்டது. விக்கமாட்டன், வரமாட்டன் எண்டு எத்தினை தரம் சொன்னன், நீ கேட்டியோ? வாங்க வந்த மனிசன் வேண்டாம் எண்ட உடன கேட்டிட்டாய்."

இடப்பக்கம்

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. அவர் கேட்ட கேள்விகளும், நான் கிளிப்பிள்ளைபோல ஒப்பித்த பதில்களும். காரை எப்படிக் கெடுப்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். கோபம் வரவில்லை. அவரைப் பார்த்தால் பெருமையாகத்தான் இருந்தது.

ரவீந்திரன் காரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு சாண் அகல மேடை உண்டு, பெட்டி வைப்பதற்கு. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அதில்தான் கழுத்தை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து போனாராம். முன்னால் அப்பாவும் அம்மாவும் பேசுவது காற்றில் ஒன்றுமே கேட்காதாம். இந்தக் காரை எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை என்று என்னிடம் சொன்னார். அம்மா காதில் விழுந்திருக்க வேண்டும். எண்ணெய் மாற்றி முடிந்ததும் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஏறு, கோலாலம்பூர் பஸ்ஸுக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். நெட்டை மனிதர் முழங்காலைத் தாடைவரை மடக்கி உட்கார்ந்தார். கார் சந்து முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபெரியில் காரை ஏற்றி, அக்கரையில் பட்டர்வொர்த் பஸ் நிலையத்தில் அவரை இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் அம்மா தனியாகத் திரும்பிவிட்டார்.

வீட்டைப் பூட்டும் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. ஒரு மாதம் கழித்து ரவீந்திரன் போன் செய்தார். மறுபடியும் ஏச்சு வாங்கத் தயாராகத்தான் எடுத்தேன். அம்மா எப்படி ஓட்டுகிறார் என்று விசாரித்தார். பிரேக்கைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"அண்ணே, இனிமே மாசத்துக்கு ஒருக்கா வருவேன். அந்த லெஃப்ட் சீட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளி வைக்க முடியுமா? ஓட்டை போட்டாலும் பரவாயில்ல."

அன்றிலிருந்து யார் எந்தக் காரில் ஓட்டை போடச் சொன்னாலும் விலை இறங்கும் என்று நான் வாயைத் திறப்பதில்லை, எந்த சைஸ் டிரில் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.