திரும்பினால் சத்தம் போடும் ஜீப்

எழுபத்தெட்டாம் வருடம், மே மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குச் செகந்தராபாத்தில் ரயிலை விட்டு இறங்கினேன். கையில் ஒரு தோல்பையும் ஒரு டின் ஏலக்காயும் இருந்தன. போலாரத்தில் ரிட்டையரான மேஜர் ஒருவர் தம்முடைய ஜீப்பை விற்கிறார் என்று என் தங்கை கமலா சொல்லியனுப்பியிருந்தாள். அவள் கணவருக்கு ராணுவத் தளவாட ஆபீசில் வேலை. பத்து வருடமாக அல்வாலில் குடியிருக்கிறார்கள். போடியில் பிறந்தவள், இப்போது ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’ என்கிறாள்.

ஜீப் எதற்கு என்றால், போடி மலையில் எங்கள் ஏலத்தோட்டத்துக்கு ஏறும் மண்பாதையில் பதினான்கு வளைவுகள். மழை பிடித்துவிட்டால் எந்த லாரியும் ஏறாது. போன ஆடியில் தோட்டத்தில் வேலை செய்யும் மூக்கம்மாளுக்கு இடுப்புவலி கண்டது. கம்பளியில் தூளி கட்டி நாலு பேர் சுமந்து இறங்கினோம். பாதி வழியில் பிரசவம் ஆகிவிட்டது, குழந்தை தங்கவில்லை. அடுத்த மழைக்குள் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றைத் தோட்டத்தில் நிறுத்திவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த வருடம் இன்னும் இரண்டு பெண்கள் மாசமாக இருக்கிறார்கள்.

அல்வாலிலிருந்து போலாரம் நாலைந்து கிலோமீட்டர்தான். கமலாவும் நானும் பஸ்ஸில் போனோம். பழைய பங்களா, ஓட்டுக்கூரை, வாசலில் வேப்பமரம், அதன் நிழலில் ஜீப். இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலு சக்கர கியரைப் போட்டு இடது பக்கம் ஒடித்துக் கேட்டைத் தாண்டினேன். முன்பக்கத்திலிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று சத்தம் வந்தது. நேராக ஓடும்போது நின்றுவிட்டது. மறுபடி ஒடித்தேன், மறுபடி வந்தது.

மேஜர் சிரித்தார். “பழைய வண்டி, கொஞ்சம் பேசும். மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். நல்ல மனிதர். ஆனால் எங்கள் மலையில் வளைவுக்கு நடுவே முன்சக்கரம் கைவிட்டால் கீழே பள்ளம்தான். இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இந்த ஊரை விட்டு நகர்வதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

தார்ரோட்டில் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நாலு சக்கரத்தையும் இணைத்துக்கொண்டு தாரில் திரும்பினால், நல்ல வண்டிகூட முறுக்கிக்கொண்டு முனகும். சக்கரம் வழுக்கிக்கொடுக்கிற மாதிரி இளகின மண் வேண்டும். அல்வாலில் கோடையில் பாதி வற்றிக் கிடந்த ஏரிக்குள் வண்டியை இறக்கினேன்.

“நான் கூடவே நடந்து கேக்குறேண்ணே. நீ மெதுவா வட்டம் போடு” என்று கமலா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

இடப்பக்கமாக ஒரு வட்டம், வலப்பக்கமாக ஒரு வட்டம். வெயில் மண்டையைப் பிளந்தது. எருமை மேய்க்க வந்தவர்கள், வற்றின ஏரிக்குள் பொம்பளை ஒருத்தி ஜீப்போடு குனிந்து குனிந்து நடப்பதை வாயைப் பிளந்து பார்த்தார்கள். கமலா எதையும் சட்டை செய்யவில்லை.

“எடது சக்கரத்துல ஒண்ணும் இல்ல. நீ எடப்பக்கம் ஒடிக்கையில வலது சக்கரத்துக்குள்ள கேக்குது. வேகம் கூட்டுனா அதுவும் வெரசா அடிக்குது” என்றாள்.

இளகின மண்ணிலும் சத்தம் நிற்கவில்லை. ஆகவே இது தாரின் முறுக்கல் இல்லை, சக்கரத்துக்குள் இருக்கும் ஜாயிண்டின் கோளாறுதான். சக்கரம் திரும்பியபடியே சுழல்வதற்காக, எஃகுக் குண்டுகளை வைத்துச் செய்த மூட்டு அது.

செவ்வாய்க்கிழமை காலை மல்லாபூர் போனோம். பாக்டரிகளுக்கு நடுவே யூசுப் பாய் என்பவரின் ஒர்க்‌ஷாப். கமலாதான் எனக்கு மொழிபெயர்ப்பு. யூசுப் பாய் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, நாலு சக்கர லிவரைக் காட்டிக் கையை ஆட்டினார்.

“நக்கோ சாப், நக்கோ!”

“அந்த லிவரத் தொடாதீங்கங்கிறாரு. ரெண்டு சக்கரத்துல ஓட்டுனா சத்தமே வராதாம்” என்றாள் கமலா.

வாங்குவதே அந்த லிவருக்காகத்தான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “கழற்றச் சொல்லு” என்றேன். அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஜாக்கியைப் போட்டார். வலது சக்கரத்தைக் கழற்றி ஜாயிண்டை வெளியே இழுத்தபோது, குண்டுகள் ஓடும் பள்ளங்கள் அம்மைத் தழும்பாகக் கிடந்தன. ராணிகஞ்ச் உதிரிபாகக் கடைகளில் தேடி, நூற்று எண்பது ரூபாய்க்கு நல்லதாக ஒரு ஜாயிண்ட் வாங்கி வந்து மாட்டினோம். சத்தம் நின்றது.

“இடதையும் கழற்றுங்கள்” என்றேன்.

யூசுப் பாய் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டார். சத்தமே இல்லாத பக்கத்தை எதற்குக் கழற்ற வேண்டும் என்று கத்தினார். வேட்டைக்குப் போகிற பணக்காரர்களுக்கு வேறு வேலை இல்லை என்றும் சொன்னாராம். என்னை அப்படித்தான் நினைத்திருக்கிறார். மூக்கம்மாளின் துக்கத்தை ஒர்க்‌ஷாப்பில் கடை விரிப்பது எனக்கு வராது.

கமலாவுக்கு அந்த வீம்பெல்லாம் கிடையாது. அவருடைய பாஷையில் மடமடவென்று ஏதோ சொன்னாள். நடுவில் இரண்டு கையாலும் தூளி மாதிரி காட்டியதை மட்டும் நான் பார்த்தேன். யூசுப் பாய் ஜாக்கியை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் போய் உட்கார்ந்தார். உள்ளே ஒரு குண்டில் சில்லு பெயர்ந்திருந்தது. சத்தம் போடத்தான் இன்னும் நாள் வரவில்லை.

அந்தப் பக்கத்துக்கும் சாமான் கிடைத்து மாட்டி முடிக்கப் புதன் மத்தியானம் ஆயிற்று. யூசுப் பாய் தானாகவே கூட வருகிறேன் என்றார். மூவரும் அல்வால் ஏரிக்குப் போனோம். கரைச் சரிவில் சக்கரத்தை முழுக்க ஒடித்தபடி ஏற்றிப் பார்க்க வேண்டும்.

“பின்னால நான் படுத்துக்குறேன்” என்றாள் கமலா. பின்னால் எதிரெதிராக இருந்த இரண்டு பெஞ்சுகளுக்கும் நடுவே தகரத் தரையில் படுத்தே விட்டாள்.

லிவரைப் போட்டேன். சக்கரத்தை ஒடித்து ஏறினேன், இறங்கினேன், மறுபக்கம் ஒடித்து ஏறினேன். இன்ஜின் உறுமுவது தவிர வேறு சத்தம் இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“சத்தம் ஒண்ணும் இல்லண்ணே” என்று படுத்தபடியே சொன்னாள் கமலா. “ஆனா ஒருக்களிக்க எடம் பத்தல. வயித்துப்பிள்ளக்காரி இதுல எப்படிப் படுப்பா?”

மூன்று நாளாக முன்சக்கரத்திலேயே காதை வைத்திருந்த எனக்கு இது தோன்றவேயில்லை. யூசுப் பாய்க்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. படுத்திருந்தவளை ஒரு முறை பார்த்தார். பெட்டியைத் திறந்து ஸ்பானரை எடுத்து, இடது பெஞ்சின் போல்ட்டில் மாட்டினார்.

வியாழன் விடியற்காலை மேஜரிடம் கணக்கை முடித்துவிட்டு, போடிக்குத் திரும்பக் கர்நூல் ரோட்டைப் பிடித்தேன். ஹைதராபாத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ரோடு இருக்கிறது, ரோட்டின் முடிவில் ஓர் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. லிவரைத் தொடாதே என்று யூசுப் பாய் சொன்னது இந்த ஊருக்குச் சரிதான். எங்கள் மலைக்கு இந்த ஒரு வண்டிதான். அதில் பின்னால் இப்போது இடது பெஞ்சு இல்லை. அந்த இடத்தில் கமலா தன் கல்யாண மெத்தையை விரித்துக் கொடுத்திருந்தாள்.